போனஸ் தீபாவளிக்கு, சைக்கிள் கிறிஸ்துமஸுக்கு: கிருஷ்ணகிரி மாவட்டத்து வீட்டுக் கணக்கு ஒன்று

கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரத்தில் கிறிஸ்தவர்கள் வாழும் எலத்தகிரி, கோவிலூர், மதகொண்டப்பள்ளி போன்ற ஊர்களில் டிசம்பர் பிறந்ததும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது "பிள்ளைங்களுக்குத் துணி எடுத்தாச்சா?" என்பதுதான். என்ன பரிசு வாங்கினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கிறிஸ்துமஸ் தாத்தா கேரல் பவனியில் வந்து ஆளுக்கு இரண்டு மிட்டாய் கொடுத்துவிட்டு ஆடிக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். ஆகவே பெற்றோரின் மனக்கணக்கில் துணிக்கு ஒரு தலைப்பு உண்டு. சைக்கிளும் ரிமோட் காரும் தலைப்பில்லாமல் நுழைகின்றன. தலைப்பில்லாத செலவுக்கு யாரும் வரம்பு போட்டு வைப்பதில்லை.

2024 கிறிஸ்துமஸை வைத்து மூன்று வீடுகளின் கணக்கு இங்கே பிரித்துக் காட்டப்படுகிறது. மூன்றுமே மாதிரி வீடுகள். எந்த ஒரு குடும்பத்தையும் குறிப்பவை அல்ல. சம்பளமும் கடை விலையும் இந்தப் பகுதி நிலவரத்தை ஒட்டி எடுத்துக்கொண்ட தொகைகள். முதல் வீட்டைத்தான் விரிவாகப் பார்க்கிறோம். மற்ற இரண்டும் ஒப்பிட மட்டும்.

வரவு

முதல் வீடு பர்கூர் பக்கம். அப்பா ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. பிடித்தம் போகக் கைக்கு ₹17,400. அம்மா காலணிக் கம்பெனியில் தையல் பிரிவு, ₹9,800. மகளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. மகனுக்கு ஆறு, ஒன்றாம் வகுப்பு. வாடகை, மளிகை, பால், பஸ், குழுக்கடன் தவணை எல்லாம் போக மாதம் ₹3,200 மிஞ்சும்.

இது போக ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஒரே மொத்தத் தொகை போனஸ். அப்போது நடப்பில் இருந்த 1965 போனஸ் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். கணக்குப் போடும் சம்பள வரம்பு மாதம் ₹7,000 அல்லது அந்தத் தொழிலுக்கான குறைந்தபட்ச ஊதியம், இரண்டில் எது அதிகமோ அது. இந்த வீட்டில் இருவருக்கும் ஏழாயிரத்தை வைத்தே போட்டுக் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு 12 மாதத்துக்கு ₹6,997. அம்மா அந்தக் கணக்கு ஆண்டில் 7 மாதமே வேலை பார்த்தார், அதனால் ₹4,082. ஆக மொத்தம் ₹11,079. குறைந்தபட்ச ஊதியத்தை வைத்துப் போட்டிருந்தால் தொகை கூடும். அதைக் கேட்டு வாங்குவது தனிக் கதை.

கணக்கு ஆண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள், அதாவது மார்ச்சில் முடிந்தால் நவம்பர் 30-க்குள், போனஸ் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அது தீபாவளிக்கு முந்தின வாரம் வரும். 2024-ல் தீபாவளி அக்டோபர் 31. அங்கிருந்து கிறிஸ்துமஸுக்கு 55 நாள். கிறிஸ்தவக் குடும்பம்தான், தீபாவளிக்கென்று பெரிதாக ஒன்றும் செய்ய மாட்டார்கள். ஆனாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளை கம்பி மத்தாப்பு சுற்றும்போது இந்த வீட்டுப் பிள்ளையை உள்ளே உட்கார வைக்க முடியாது. பட்டாசு ₹1,400, ஆளுக்கொரு துணி ₹2,100, செல்போன் ரிப்பேர் ₹1,800, குழுக்கடன் பாக்கி ₹3,500. டிசம்பர் முதல் தேதி போனஸில் மிச்சம் ₹2,279.

அந்த டிசம்பர் முதல் தேதியே ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. அம்மாவின் கம்பெனி வண்டி இரண்டு நாள் வரவில்லை. அந்த இரண்டு நாள் கூலி வெட்டு ஜனவரி முதல் வாரச் சம்பளத்தில்தான் தெரியும். டிசம்பரில் செலவு செய்யும்போது அது கண்ணில் படவில்லை.

போட்ட திட்டமும் நடந்ததும்

திட்டம் எளிமையானது. இரண்டு பிள்ளைகளுக்கும் துணி ₹2,400. மகளுக்குச் சைக்கிள் ₹4,500. மகனுக்கு ரிமோட் கார் ₹600. ஆக ₹7,500. போனஸ் மிச்சமும் மாத மிச்சமும் சேர்த்துக் கையில் ₹5,479 இருக்கிறது, இரண்டாயிரம் எங்காவது புரட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம்.

முடிவில் ஆன செலவு ₹13,950. இதில் குடிலும் நட்சத்திரமும் கேக்கும் சேரவில்லை, பிள்ளைகளுக்காக ஆனது மட்டும். எங்கெங்கே எகிறியது என்று பார்த்தால் முதலில் நிற்பது சைக்கிள்.

டிசம்பர் 22 ஞாயிற்றுக்கிழமை, கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு கடை. 20 அங்குலச் சக்கரம், கியர் இல்லாதது, பிங்க் நிறம். சொன்ன விலை ₹5,400. பேசி முடித்தது ₹5,100. அதோடு முடிந்தது என்று நினைத்தால் "பிட்டிங் சார்ஜ் தனிங்க" என்று ₹250. சைடு ஸ்டாண்டு ₹180, பெல் ₹60, பூட்டு ₹150, முன்னால் மாட்டும் கூடை ₹220. பஸ்ஸில் ஏற்ற முடியாது, மினி லாரிக்காரருக்கு ₹200. மொத்தம் ₹6,160. சொன்ன விலையில் குறைத்த முந்நூறு ரூபாய் ஸ்டாண்டிலும் பூட்டிலும் திரும்பிப் போய்விட்டது. சைக்கிள் விலை கேட்கும்போதே "ஸ்டாண்டு, பெல், பூட்டு, பிட்டிங் எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் பெல்லையும் ஸ்டாண்டையும் விலைக்குள்ளேயே போட்டுத் தருகிற கடைகள் உண்டு. முதலில் வண்டி விலையை முடித்துக்கொண்டு பிறகு கேட்டால் தர மாட்டார்கள்.

பணத்தைவிடப் பெரிய தவறு அளவில். கடைக்காரர்கள் வயதைக் கேட்டு வண்டியைக் காட்டுவார்கள். பார்க்க வேண்டியது உயரம். 20 அங்குலச் சக்கரம் சுமாராக 115 முதல் 135 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்குப் பொருந்தும். 24 அங்குலம் 130-லிருந்து 150 வரை. இந்தப் பெண் 137 செ.மீ. பிள்ளையைச் சுவரோரம் செருப்பில்லாமல் நிற்க வைத்து, கால்களுக்கு நடுவே ஒரு நோட்டுப் புத்தகத்தைச் செங்குத்தாக மேலே தூக்கிப் பிடித்து, நோட்டின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை டேப் வைத்தால் கால் உயரம் கிடைக்கும். சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கியபின் அதன் உயரம் இந்த அளவுக்குச் சற்றுக் கீழே இருந்தால் பிள்ளை இரண்டு காலையும் ஊன்றி நிற்கும். வீட்டிலேயே ஒரு நூலில் முடிச்சுப் போட்டு எடுத்துப் போனால் போதும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாமலே ஆச்சரியப் பரிசாக வாங்கலாம். 24 அங்குலம் அதே கடையில் ₹6,200. ஆயிரத்து நூறு ரூபாய் அதிகம் என்று விட்டார்கள். ஆனால் அது மூன்று நான்கு வருஷம் ஓடும், இது ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது. அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ படித்தால் பதினொன்றாம் வகுப்பில் அரசின் விலையில்லாச் சைக்கிள் வரும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், இடையில் ஒரே ஒரு 24 அங்குல வண்டியோடு சமாளித்திருக்கலாம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மூன்று நாளில் கடையில் அவசரத்தில் பூட்டும் வண்டிகளில் இரண்டு பிழை திரும்பத் திரும்ப வரும். முன் சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க்கைத் திருப்பி மாட்டிவிடுவார்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஃபோர்க்கின் வளைவு முன்பக்கம் போக வேண்டும், முன் பிரேக்கும் ஃபோர்க்குக்கு முன்னால் இருக்க வேண்டும். இரண்டும் பின்பக்கம் பார்த்தால் தலைகீழ். அப்படியே ஓட்டினால் திருப்பும்போது கால் சக்கரத்தில் தட்டும், ஹேண்டில் நிலைகொள்ளாது. இரண்டாவது பெடல். இடது பெடலின் மரை எதிர்த் திசையில் சுற்றும். அச்சின் நுனியில் எல், ஆர் என்று பொறித்திருக்கும். அதைப் பார்க்காமல் மாற்றி வைத்து ஸ்பேனரால் முறுக்கினால் பெடல் மாட்டும் தண்டான கிராங்கின் மரை தேய்ந்து, இரண்டே வாரத்தில் பெடல் கழன்று கையோடு வரும். அப்புறம் கிராங்கையே மாற்ற வேண்டும். வண்டியை எடுக்குமுன் இந்த இரண்டையும் பார்த்து, ஹேண்டில் தண்டில் உள்ள குறைந்தபட்சக் கோடு குழாய்க்குள் மறைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டால் போதும். ஐந்து நிமிஷ வேலை.

ரிமோட் காரும் அதன் தீனியும்

பெட்டி விலை ₹650. பெட்டி ஓரத்தில் பொடி எழுத்தில் பேட்டரி சேராது என்று இருக்கும். காருக்கு நான்கு, ரிமோட்டுக்கு இரண்டு, ஆக ஆறு ஏஏ செல். பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதா செல் ஒன்று ₹15. ஆறுக்கு ₹90. மோட்டார் இழுக்கிற மின்சாரத்துக்குச் சாதா செல் ஈடு கொடுக்காது. சீக்கிரமே கார் முனகத் தொடங்கும். முதலில் போட்டதையும் சேர்த்து ஆண்டு முடிவதற்குள் மூன்று தடவை செல் போட்டு ₹270. கார் ₹920 ஆகிவிட்டது. யூஎஸ்பி வயரில் சார்ஜ் ஏற்றும் பேட்டரி உள்ளேயே வரும் கார் ₹850-க்கு அதே அலமாரியில் இருந்தது. இருநூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் எழுபது ரூபாய் கூடப் போட்ட கதை. ஜனவரிச் செல்லை இன்னும் சேர்க்கவில்லை.

துணி

டிசம்பர் 8-ல் எடுத்தது. மகளுக்குப் பிராக் ₹1,150, புத்தாண்டுக்குச் சுடிதார் ₹700. மகனுக்குப் பேன்ட் சட்டை ₹950, புத்தாண்டுக்கு ₹550. ஷூ ₹450, செருப்பு ₹350, கிளிப் வளையல் ₹180. மொத்தம் ₹4,330. நள்ளிரவுப் பூசைக்கு ஒன்று, ஜனவரி முதல் தேதி பூசைக்கு ஒன்று என்ற வழக்கத்தை யாரும் குறை சொல்ல முடியாது. இடித்தது வேறு இடம். டிசம்பர் 24 மாலை தாய்மாமன் வந்தார், இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு செட்டோடு. அவர் வருஷா வருஷம் எடுத்து வருபவர்தான். அப்படியானால் புத்தாண்டுச் செட்டுக்குக் கொடுத்த ₹1,250 தேவையே இல்லாத செலவு. "அண்ணா, இந்த வருஷம் சின்னவனுக்கு 26 சைஸ், புத்தாண்டுக்குப் போடுற மாதிரி எடுங்க" என்று நவம்பரிலேயே ஒரு போன் போட்டிருக்கலாம். கேட்பதற்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தின் விலை ஆயிரத்து இருநூற்று ஐம்பது.

உறவுக்குள் கொடுத்து வாங்கும் செய்முறை என்பது இரண்டு பக்கமும் போகும். அப்பாவின் அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர், தங்கை பிள்ளை ஒன்று, ஆளுக்கு ₹500 என்று ₹1,500. பள்ளியில் சீட்டு எடுத்து ரகசியமாகப் பரிசு கொடுக்கும் கிறிஸ்மா–கிறிஸ்சைல்டு ஆட்டத்துக்கு மகளுக்கு ₹100, மகன் வகுப்பில் வசூல் ₹60. மறைக்கல்வி வகுப்புப் பரிசுக்கு ஆளுக்கு நூறாக ₹200. ஆக ₹1,860. இதில் ஒரு ரூபாய்கூட நவம்பர் மாதத் திட்டத்தில் இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதை யாரும் தன் பிள்ளைச் செலவாக நினைப்பதில்லை. ஆனால் தன் பிள்ளை இருப்பதால்தான் அது வருகிறது. இரண்டு தடவை குடும்பத்தோடு கிருஷ்ணகிரி போய்வந்ததில் டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கு டிக்கெட் இல்லை; இருந்தும் பஸ்ஸுக்கும் டிபனுக்கும் ₹680.

கடன் எங்கே போய் உட்கார்ந்தது

₹13,950-ல் கையில் இருந்தது ₹5,479. பற்றாக்குறை ₹8,471. இதில் ₹3,471 மகளின் மூன்றாம் பருவக் கட்டணத்துக்கு எடுத்து வைத்த பணத்திலிருந்து. மீதி ஐந்தாயிரம் தெரிந்தவரிடம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு. மாதம் ₹150. வருஷத்துக்கு 36 சதவீதம் என்று யாரும் சொல்லிப் பார்ப்பதில்லை. மூன்று ரூபாய் என்றால் சின்னதாகத் தெரிகிறது.

அசலை எப்போது அடைப்பது? அடுத்த போனஸ் வரட்டும் என்று. 2025 தீபாவளி அக்டோபர் 20. பத்து மாத வட்டி ₹1,500. கிறிஸ்துமஸின் உண்மையான செலவு இப்போது ₹15,450. அதைவிட முக்கியம், போனஸ் வந்த அன்றே அதில் ஐந்தாயிரம் போய்விடும். 2025-ல் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் இடைவெளி 66 நாள், முந்தின வருஷத்தைவிடப் பதினோரு நாள் அதிகம். டிசம்பரில் மறுபடியும் அதே ஆளிடம் அதே ஐந்தாயிரம். இந்தச் சுழலைத் தொடங்கி வைத்தது சைக்கிள்தான் என்று சொல்வது சரியாகாது. சைக்கிள் இல்லாவிட்டால் வேறொன்று வந்திருக்கும். ஆண்டின் ஒரே மொத்தப் பணம் தப்பான பண்டிகைக்கு வருகிறது, கோளாறு அங்கே.

ஓசூர் வீடும் தர்மபுரி வீடும்

ஓசூர் அடுக்குமாடி வீட்டில் மாத வருமானம் ₹85,000. ஒரே பையன், ஐந்து வயது. உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி ஜீப் ₹11,500, இணையத்தில் வாங்கியது. கடன் இல்லை. ஆனால் மே மாதம் ஜீப் அசையவில்லை. உள்ளே இருப்பது மூடிய லெட்-ஆசிட் பேட்டரி, 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி. ஜனவரிக்குப் பின் பையன் சலித்துப்போய் விட்டுவிட்டான். சார்ஜ் தீர்ந்த நிலையில் நான்கு மாதம் பால்கனியில் கிடந்தது. அப்படிக் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகி, பிறகு சார்ஜே ஏறாது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதம் ஒருமுறை முழுச் சார்ஜ் ஏற்றி, சுவிட்சை அணைத்து வைக்க வேண்டும். புது பேட்டரி ₹1,400. ஓட்டுவதற்குச் சமதளம் வேண்டும் என்பதும் வாங்கிய பிறகுதான் தெரிந்தது. மண் பாதையில் இந்த மோட்டார் திணறும்.

தர்மபுரி பக்கத்து விவசாயக் கூலி வீட்டில் துணி ₹900, நாலு ரோடு நடைபாதையில் வாங்கிய லைட் எரியும் பொம்மை ₹80. செலவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொம்மையில் சொல்ல வேண்டும். அதன் அடியில் பட்டன் செல் மூன்று, மூடிக்கு ஸ்க்ரூ இல்லை, நகத்தால் நெம்பினால் திறக்கும். குழந்தை பட்டன் செல்லை விழுங்கிவிட்டால் அது உணவுக்குழாயில் ஒட்டி நின்று, எச்சிலோடு சேர்ந்து அரிக்கும் காரம் (அல்கலி) உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரிக்கத் தொடங்கும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓட வேண்டும். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பெட்டியில் முத்திரையும் அதன் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்துவிடலாம். எண்பது ரூபாய்க்கு முத்திரை உள்ள மின்பொம்மை கிடைப்பது அரிது. அதே காசுக்குப் பந்தும் பம்பரமும் தாராளமாகக் கிடைக்கும்.

2025-க்கு என்ன மாற்றலாம்

முதல் வீட்டுக்கு வருவோம். கடனை போனஸ் வரை தள்ளாமல் மாதம் ஐந்நூறு எடுத்து வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அசலில் ஆயிரமாகக் கட்டினால் பத்து மாத வட்டி ₹900-தான். அறுநூறு மிச்சம். அதைவிட, போனஸ் முழுதாகக் கைக்கு வரும். ஐந்நூறு ஐந்நூறாகக் கொடுத்தால் அசலில் வரவு வைக்க மாட்டார்கள், வட்டியில் சேர்த்துவிடுவார்கள். ஆயிரமாகக் கொடுத்து, கொடுத்த தேதியை நோட்டில் எழுதி வாங்க வேண்டும்.

கடன் தீர்ந்த பிறகு, 2026 கிறிஸ்துமஸுக்குச் சேமிப்பு. இங்கே பலர் போவது மாதம் ஐந்நூறு கட்டி டிசம்பரில் துணியும் பாத்திரமும் பலகாரமும் தரும் சீட்டுக்கு. கட்டியதற்கு ஒரு அட்டை மட்டும் இருக்கும். தரும் பொருளைக் கடையில் விலை கேட்டால் கட்டிய தொகைக்கு எட்டாது. நடத்துகிறவர் ஊரைவிட்டுப் போனால் அட்டையைக் காட்ட இடமில்லை. அஞ்சலக ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) பத்திரமானது, ஆனால் ஐந்தாண்டுத் திட்டம், மூன்று ஆண்டுக்கு முன் மூட முடியாது, பண்டிகைக்கு ஒத்துவராது. வங்கியில் ஓராண்டு ஆர்.டி. சரியாக இருக்கும். மாதம் ₹500, வட்டி 6.5 சதவீதம் என்றால் 12 மாதத்தில் ஆறாயிரமும் வட்டி சுமார் ₹210-உம். தொடங்கும் தேதிதான் சூட்சுமம்: டிசம்பர் 5-க்குள் தொடங்கினால்தான் அடுத்த டிசம்பர் 5-ல் முதிரும். புது வருஷத்தில் தொடங்கலாம் என்று ஜனவரிக்குத் தள்ளினால் பணம் கிறிஸ்துமஸ் முடிந்து வரும்.

அந்த ஆறாயிரத்துக்குள் அடங்கும் பட்டியல் இது: பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துணி ₹2,100, புத்தாண்டுச் செட் தாய்மாமன் பொறுப்பு, உறவுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு முந்நூறாக ₹900, பள்ளியும் மறைக்கல்வியும் ₹360, ஒரே தடவை கடைக்குப் போய்வர ₹340, பரிசுக்கு இருவருக்கும் சேர்த்து ₹2,000. ஆக ₹5,700. சைக்கிள் போன்ற பெரிய பொருள் இதற்குள் வராது. அதைப் பண்டிகையோடு முடிச்சுப் போடாமல் கோடை விடுமுறையில் வாங்கினால் கடைக்காரருக்கும் பொறுமையாகப் பூட்ட நேரம் இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது. வரியோடு ₹5,100-க்கு வாங்கிய அதே வண்டி, அடக்க விலை மாறாமல் இருந்தால் ₹319 குறைய வேண்டும். பில் கேட்டால்தான் அது குறைந்ததா என்று தெரியும்.

வீட்டில் நிற்கும் 20 அங்குல வண்டிக்கும் வேலை இருக்கிறது. தம்பி 2025 டிசம்பரில் 120 செ.மீ. தொட்டுவிடுவான், அவனுக்கு அது அளவான வண்டி. பிரேக் கட்டை இரண்டு ஜோடி, பின் டியூப், கைப்பிடி உறை, செயினுக்கு எண்ணெய், மெக்கானிக் கூலி எல்லாம் சேர்த்து ₹400-க்குள் முடியும். பிங்க் நிறம்தான் அவனுக்குப் பிடிக்காது. ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பதானால் ரிம்மில் பிரேக் கட்டை உரசும் இடத்தை மட்டும் டேப் ஒட்டி மூடிவிட வேண்டும். அங்கே பெயின்ட் பட்டால் பிரேக் பிடிக்காது.